போரில் ஒரு குண்டும் சுடாத டாங்கியை எப்படி மதிப்பிடுவது?

சுவீடன் நாட்டின் எஸ் டாங்கியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: "முப்பது ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தும் போரில் ஒரு குண்டுகூடச் சுடாத வண்டியை எப்படிச் சிறந்த டாங்கி என்று புகழ்கிறார்கள்? தோல்வி என்றோ வீண் செலவு என்றோ சொல்வதுதானே நியாயம்?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வண்டி நல்ல வண்டியா என்பது ஒன்று, அதைச் செய்தது பயனுள்ள காரியமா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரிக்காவிட்டால் எந்தப் பதிலும் தவறாகவே போகும். ராணுவத்தில் கவச வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி டாங்கிகளின் அடியில் படுத்தபடியே கழிந்தது. எஸ் டாங்கியை நான் தொட்டு வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றி அறிந்ததெல்லாம் படித்து அறிந்ததுதான். ஆனால் அதில் இருக்கும் உறுப்புகளின் இனத்தைச் சேர்ந்தவற்றைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். சுவீடன் 1814-க்குப் பிறகு போருக்கே போகாத நாடு. ஆனால் பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் சோவியத் படைகள் நின்றிருந்த காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க அதனால் முடியவில்லை. 1950-களில் ஸ்வென் பெர்கே என்ற ராணுவப் பொறியாளர் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார். டாங்கியில் குண்டு படும் வாய்ப்பு எதற்கு அதிகம்? மேட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும்போதும் வெளியே தெரிகிற மேற்பகுதிக்கு, அதாவது டரட் என்கிற சுழலும் கோபுரத்துக்கு. வண்டியின் எடையில் கணிசமான பங்கை விழுங்குவதும் அதுவே. அப்படியானால் அதை எடுத்துவிட்டால் என்ன? பீரங்கிக் குழலை வண்டியின் உடலிலேயே அசையாமல் பதித்துவிட்டால், வண்டி தாழ்வாக இருக்கும், முன்கவசத்தை நன்றாகச் சாய்த்து வைக்கலாம், எடையும் குறையும். போபர்ஸ் நிறுவனம் அதைச் செய்து காட்டியது. 1967 முதல் 1971 வரை சுமார் 290 வண்டிகள் வெளிவந்தன. அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ட்ரிட்ஸ்வாகன் 103. சுமார் 40 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உயரம் ஏறக்குறைய 2.1 மீட்டர். அதே காலத்தில் சுவீடனிடம் இருந்த பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கியின் உயரம் 3 மீட்டர். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த இந்த வித்தியாசம், மேட்டின் பின்னால் பதுங்கி நிற்பவனுக்கு உயிர்.

குழல் அசையாது என்றால் குறி பார்ப்பது எப்படி? எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இடது வலது திரும்ப, வண்டி முழுவதுமே தன் சங்கிலிப் பட்டைகளின் மீது திரும்பும். மேலே கீழே தூக்கித் தாழ்த்த, சஸ்பென்ஷன் வேலை செய்யும். சாதாரண வண்டியில் இருக்கும் முறுக்குக் கம்பிகளுக்குப் பதிலாக இதில் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் சேர்ந்து சக்கரங்களைத் தாங்குகின்றன. எண்ணெயை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளினால் மூக்கு தாழும், பின்னிருந்து முன்னுக்குத் தள்ளினால் மூக்கு நிமிரும். யானை முன்காலை மடித்துப் பணிவது போன்ற அசைவு. ஓட்டுநரின் கையில் இருக்கும் ஒரே கைப்பிடி வண்டியையும் ஓட்டுகிறது, பீரங்கியையும் குறிவைக்கிறது. குழல் ஒரே இடத்தில் நிற்பதால் பின்னாலிருந்து குண்டு ஏற்றும் எந்திரம் எளிமையாகிவிட்டது. 50 குண்டுகளை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 15 வரை சுடலாம். குண்டு ஏற்ற ஆள் வேண்டாம் என்பதால் மூன்று பேர் போதும். அந்த மூன்றாவது ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்கும் ஓட்டும் கருவிகள் உண்டு. சுட்டுவிட்டுத் திரும்பாமலே, எதிரிக்கு முகத்தைக் காட்டியபடியே, முன்னால் போகும் அதே வேகத்தில் பின்வாங்கலாம். எஞ்சினும் இரண்டு. அன்றாட ஓட்டத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் டீசல், கூடுதல் வலு தேவைப்படும்போது போயிங் கேஸ் டர்பைன். பெருமளவில் தயாரான டாங்கிகளில் கேஸ் டர்பைன் வைத்த முதல் வண்டி இதுதான். முன்பக்க அடியில் மண்வாரித் தகடு ஒன்று உண்டு, தனக்கான பள்ளத்தைத் தானே தோண்டிக்கொள்ளலாம். மூக்குக்கு முன்னால் மாட்டக்கூடிய இரும்புக் கம்பி வேலியும் உண்டு. மோதியதும் வெடித்து, அந்த வெடிப்பின் வலுவால் கவசத்தைத் துளைக்கும் வகைக் குண்டுகள் கவசத்தைத் தொடும் முன்பே வெடித்துப் போவதற்காகச் செய்தது. போர் வந்தால்தான் மாட்ட வேண்டும் என்று அதைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உயரம், எடை, சுடும் வேகம், எல்லாம் அளவுகோல் வைத்து அளந்தவை. இவற்றை அறியப் போர் தேவையில்லை. சந்தேகத்துக்கு உரியது இதற்கு அப்பால் தொடங்குகிறது.

ஓடிக்கொண்டே சுட இந்த வண்டியால் முடியாது. நின்று, திரும்பி, சுட வேண்டும். இது குறையா? இந்தக் கேள்விக்கு விடை காண வெளிநாட்டு ராணுவங்களே முயன்றன. 1973-ல் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் படை பத்து எஸ் டாங்கிகளை இரவலாகப் பெற்று, தன் வீரர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்து, தன்னுடைய சீஃப்டன் டாங்கிகளோடு களப்பயிற்சியில் இறக்கிப் பார்த்தது. ஓடியபடி சுட முடியாதது ஒரு பாதகம் என்று நிரூபிக்க முடியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. 1975-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் நாக்ஸில் எம்60 டாங்கியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எஸ் டாங்கி சராசரியாக அரை வினாடி தாமதமாகச் சுட்டாலும் குறி துல்லியமாக இருந்தது. இந்த வண்டியைப் புகழ்பவர்கள் இந்த இரண்டையும் தவறாமல் எடுத்து வைப்பார்கள். நானும் மதிக்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். "பாதகம் என்று நிரூபிக்க முடியவில்லை" என்பதும் "பாதகம் இல்லை என்று நிரூபணம் ஆயிற்று" என்பதும் ஒன்றல்ல. அன்றைய டாங்கிகள் பெரும்பாலும் நின்றுதான் சரியாகச் சுட்டன, ஓடியபடி சுட்டால் குறி தவறியது. அந்தக் காலத்து எதிராளிகளோடு ஒப்பிடும்போது இழப்பு சிறிது. அதைத் தாண்டி அந்தச் சோதனையால் எதையும் சொல்ல முடியாது.

பட்டறைக்காரன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது வேறு இடம். சாதாரண டாங்கியின் சங்கிலிப் பட்டை கண்ணிவெடியில் அறுந்துவிட்டால் வண்டி நகராது, ஆனால் டரட் திரும்பும், சுட்டுக்கொண்டே உதவிக்குக் காத்திருக்கலாம். எஸ் டாங்கியின் பட்டை அறுந்தால் பீரங்கியும் திரும்பாது. ஓட்டமும் சண்டையும் ஒரே நொடியில் போய்விடும். பட்டை கழன்ற டாங்கிகளை மழைக்காலச் சேற்றில் மீண்டும் மாட்டியிருக்கிறேன். பயிற்சி மைதானத்தில், யாரும் சுடாத இடத்தில், ஆறு பேர் சேர்ந்து செய்தால்கூட அது அரைநாள் வேலையாகிவிடும் நாட்கள் உண்டு. அதுபோலவே எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் சஸ்பென்ஷன். புதிதாக இருக்கும்போது அதைப் போல் சுகமான ஓட்டம் கிடையாது. ஆண்டுகள் போகப் போக, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல்கள் கசியும். வேறு வண்டிகளில் அது சவாரிக் குறைபாடு. சஸ்பென்ஷனையே குறி பார்க்கும் கருவியாக வைத்திருக்கும் வண்டியில் அது சுடும் திறனையே தொடும். சுவீடன் வீரர்கள் இதை நன்றாகவே பராமரித்தார்கள் என்பது தெளிவு. பிரிட்டிஷ் சோதனையிலும் பத்தில் ஒன்பது வண்டிகள் எப்போதும் ஓடும் நிலையில் இருந்தன. ஆனால் சோதனைக் களத்துக்கு வருபவை தேர்ந்த வண்டிகள், தேர்ந்த ஆட்கள். பின்னாலேயே உதிரிப் பாகங்களோடு லாரி நிற்கும். போரின் நாற்பதாவது நாளில், தூங்காத ஓட்டுநரும் தீர்ந்துபோன சீல்களுமாக அந்த வண்டி எப்படி நின்றிருக்கும் என்பதை எந்தச் சோதனையும் காட்டாது.

சோதனைக்கும் போருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், அசல் உத்தர் கிராமத்தை ஒட்டி நடந்த டாங்கிப் போர். பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் பேட்டன் டாங்கிகள். காகிதத்தில் பார்த்தால் எதிரே இருந்த நம் பழைய ஷெர்மன்களுக்கு மிகவும் மேலானவை, செஞ்சூரியனுக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் கரும்பு வயல்களில் நம்மவர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கனமான பேட்டன்கள் சேற்றில் சிக்கின. உயர்ந்த கரும்புக்குள் பதுங்கி நின்ற நம் டாங்கிகள் பக்கவாட்டிலிருந்து சுட்டன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பு இல்லாத பீரங்கியோடு நின்ற ஹவில்தார் அப்துல் ஹமீது அடுத்தடுத்து பேட்டன்களை அழித்து உயிர் விட்டார், பரம்வீர் சக்ரா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கைப்பற்றிய பேட்டன்களை நிறுத்தி வைத்த இடத்துக்கு 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. எந்தத் தொழிற்சாலைச் சோதனையிலும் கரும்பும் தண்ணீரும் சேர்ந்த அந்த வயல் இருந்திருக்காது. பேட்டன் மோசமான டாங்கி என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. அங்கே தோற்றது அதை அங்கே கொண்டுபோய் நிறுத்திய திட்டம். போரில் இறங்கிய வண்டியைப் பற்றியே ஒரே போரை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாதபோது, போரே காணாத வண்டியைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேட்டவரைப் போலவே பலரும் போரில் பயன்படாத ஆயுதங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அவற்றுக்குள் வேறுபாடு பெரிது. ஹிட்லரின் ஆணையில் போர்ஷே வடிவமைத்த 'மவுஸ்' டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 188 டன். செய்தவை இரண்டே மாதிரிகள். எந்தப் பாலமும் தாங்காது என்பதால் ஆற்றுக்குள் இறங்கி அடிமண்ணில் நடந்தே கடக்க வேண்டும், கரையில் நிற்கும் இன்னொரு மவுஸ் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. போர் பார்க்காததற்காக அப்படிச் சொல்லவில்லை. பாலமும் சாலையும் தாங்காது என்பது எடை போட்ட அன்றே தெரிந்திருந்தது. அமெரிக்கர்கள் ஜெர்மானியரின் எல்லைக் கோட்டைகளை உடைக்கச் செய்த டி28 இன்னொரு வகை. இதுவும் டரட் இல்லாததுதான், 86 டன், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சங்கிலிப் பட்டைகள். இரண்டு செய்து முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. ஒன்று தீயில் போயிற்று. மற்றது எங்கே என்று தெரியாமலே இருந்து, 1974-ல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் ஒரு வயலோரம் கைவிடப்பட்டுக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். பட்டறை வேலை செய்தவனுக்கு இதைப் படிக்கும்போது மனம் கனக்கும். எத்தனை கைகள் பற்றவைத்த இரும்பு அது.

தாமதமாக வந்தது வேறு கணக்கு. செஞ்சூரியனின் முதல் ஆறு மாதிரிகள் 1945 மே மாதம் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது ஜெர்மனியோடு போர் முடிந்துவிட்டிருந்தது. அன்று யாரேனும் கேட்டிருந்தால் 'போர் பார்க்காத டாங்கி' என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு அது கொரியாவிலும், மேலே சொன்ன 1965 போரிலும், மேற்கு ஆசியாவிலும் களம் கண்டது. வடிவமைப்பு அதேதான், நாள்காட்டி மாறியது.

எஸ் டாங்கிக்கு மிக நெருக்கமான உறவு, என் பார்வையில், ஒரு டாங்கியே அல்ல. அமெரிக்காவின் பி-36 குண்டுவீச்சு விமானம். 1948 முதல் 1959 வரை பணியில் இருந்தது. மொத்தம் 384 செய்தார்கள். இறக்கை விரிவு 70 மீட்டர். இறக்கையின் பின்புறத்தில் விசிறி வைத்து விமானத்தை முன்னோக்கித் தள்ளும் ஆறு பிஸ்டன் எஞ்சின்கள், பிற்கால வடிவங்களில் கூடவே நான்கு ஜெட் எஞ்சின்கள். ஒவ்வொரு பிஸ்டன் எஞ்சினிலும் 28 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக ஒரு விமானத்துக்கு 336 பிளக். அதை மாற்றிய மெக்கானிக்குகளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்த விமானம் போரில் ஒரு குண்டும் போடவில்லை, கொரியப் போரின்போதும்கூட. அதன் வேலையே அணுகுண்டோடு தயாராக நின்று, எதிராளியைத் தொடங்கவிடாமல் செய்வது. அது சுட்டிருந்தால்தான் தோல்வி. எஸ் டாங்கியும் அப்படித்தான். சுவீடனை யாரும் தாக்கவில்லை, அது சுடவில்லை.

ஆனால் இந்த இடத்தில் ஆயுதங்களை நேசிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். "அது இருந்ததால்தான் தாக்கவில்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. சோவியத் தலைமை என்ன கணக்குப் போட்டது என்பதில் 290 டாங்கிகளின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. சுவீடனின் விமானப்படை, கட்டாய ராணுவப் பயிற்சி, காடும் பனியும், சோவியத்தின் கவனம் முழுவதும் ஜெர்மனியில் குவிந்திருந்தது, எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 'வீண் செலவு' என்பவரும் 'நாட்டைக் காத்தது' என்பவரும் நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபித்ததாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் பெரிய படை நிற்கும் ஒரு சிறிய நாடு தன் நிலத்துக்கும், ஆண்டுதோறும் மாறும் இளம் வீரர்களுக்கும் ஏற்ற வண்டியை உருவாக்கியது அறிவான செலவு. இது என் கருத்து, உண்மைத் தகவல் அல்ல.

இதே கேள்வியை நம் ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கியைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அதிலும் எண்ணெய்-வாயு சஸ்பென்ஷன்தான், ஆனால் டரட் உண்டு, குறி பார்க்கும் வேலை சஸ்பென்ஷனுக்கு இல்லை. 1974-ல் ஒப்புதல் பெற்று, முதல் 124 வண்டிகள் ராணுவத்துக்கு வரத் தொடங்கியதே 2004-ல். 2021-ல் மேலும் 118 மேம்பட்ட வண்டிகளுக்கு ஆணை கொடுக்கப்பட்டது. போர் காணவில்லை என்பதற்காக அதை இகழ்பவர்கள் தவறான கல்லை எறிகிறார்கள். முப்பது ஆண்டுத் தாமதத்தைப் பற்றிக் கேளுங்கள். அறுபது டன்னுக்கு மேல் போய்விட்ட மேம்பட்ட வடிவத்தின் எடையை எல்லைப்புறப் பாலங்களில் எத்தனை தாங்கும் என்று கேளுங்கள். இவை இன்றே அளக்கக்கூடியவை, அளந்து விடை சொல்லவும் வேண்டியவை. ஆவடித் தொழிலாளர்களின் உழைப்பின் மீது எனக்கிருக்கும் மரியாதை இந்தக் கேள்விகளைக் கேட்பதைத் தடுக்கவில்லை.

சரி, எஸ் டாங்கி ஏன் போயிற்று? காலம் மாறியதால். பீரங்கியை நிலையாகப் பிடிக்கும் கருவிகளும், கணினியோடு இணைந்த குறிபார்ப்பும், வெப்பத்தை வைத்து இரவில் பார்க்கும் கண்ணாடிகளும் வந்த பிறகு ஓடிக்கொண்டே முதல் குண்டிலேயே அடிப்பது சாதாரணமாயிற்று. 1973-ல் நிரூபிக்க முடியாத பாதகம் 1990-ல் கண்ணுக்குத் தெரிந்தது. கவசத்திலும் பல அடுக்குக் கலவைகள் வந்துவிட்டன, சாய்ந்த எஃகு மட்டும் போதவில்லை. சுவீடன் பல நாட்டு டாங்கிகளைப் போட்டிக்கு வைத்துப் பார்த்து, 1994-ல் ஜெர்மனியின் லெப்பர்ட் 2-ஐத் தேர்ந்தெடுத்தது. எஸ் டாங்கி 1997-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த லெப்பர்ட் வகையில் 10 வண்டிகளை சுவீடன் 2023-ல் உக்ரைனுக்குக் கொடுத்தது. வேறு நாட்டு வீரர்களின் கையில் அவை போரைப் பார்த்தன. டரட் இல்லாத யோசனையை ஜெர்மனியும் 1970-களில் இரட்டைப் பீரங்கி வைத்துச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. அதற்குப் பின் முன்னணி டாங்கியாக யாரும் அதைத் தொடரவில்லை. இதையும் தோல்விக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வழி மேலே போகவில்லை என்பதற்கு இது ஆதாரம், அவ்வளவுதான். 1967-ல் அந்த வண்டி அதன் வேலைக்குப் பொருந்தியதா என்பதற்கு விடை அதில் இல்லை.

ஆக, சிறந்த டாங்கிகள் என்று யாராவது பட்டியல் போட்டால் எஸ் டாங்கியை நான் அதில் சேர்க்கமாட்டேன். தோல்விகளின் பட்டியலிலும் சேர்க்கமாட்டேன். என்றாவது சுவீடனின் ஸ்ட்ரெங்னெஸ் ஊரில் உள்ள ஆர்செனாலன் ராணுவ வாகன அருங்காட்சியகத்துக்கோ, இங்கிலாந்தின் பாவிங்டனில் உள்ள டாங்கி அருங்காட்சியகத்துக்கோ போக வாய்த்தால், அந்த வண்டியின் நீண்ட குழலை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்பக்கம் போய், பின்னோக்கி ஓட்டுபவர் உட்காரும் இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள். பிறகு குனிந்து, அந்தச் சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஒன்று அறுந்தால் பீரங்கியும் நின்றுவிடும்.